டிரையம்ப் போனவிலும் டிராஃபியும்: இரண்டாவது கார்புரேட்டர் எதற்காக?

டிரையம்ப் நிறுவனத்தின் பழைய 650 சி.சி. வண்டிகளில் போனவில் டி120-க்கும் டிராஃபி டிஆர்6-க்கும் காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் ஒன்றைத் தவிர வேறு வேறுபாடு உண்டா, காட்சிக்கு நிறுத்தி வைக்காமல் அடிக்கடி ஓட்டுவதற்காக ஒன்றை வாங்குபவர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பகுதிக்கு விடை எளிது. 1960களின் பிற்பகுதி வண்டிகளைப் பொறுத்தவரை, கார்புரேட்டரும் அதற்கேற்ப வார்க்கப்பட்ட சிலிண்டர் ஹெட்டுமே (சிலிண்டரின் மேல்மூடி) முக்கியமான வேறுபாடு. இரண்டாம் பகுதிக்கு என் விடை டிஆர்6, அதிலும் 1968 முதல் 1970 வரை வந்தவை. பெயரும் புகழும் சந்தை விலையும் போனவிலின் பக்கம் இருக்கும்போது இப்படிச் சொல்பவர் காரணத்தை விளக்கியாக வேண்டும். அதற்கு எஞ்சினிலிருந்தே தொடங்க வேண்டும்.

எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937-இல் வெளிவந்த ஸ்பீட் ட்வின் என்ற 500 சி.சி. வண்டிதான் இரண்டு சிலிண்டர்களை அருகருகே நிமிர்த்தி வைக்கும் அமைப்பைப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலின் பொது வழக்கமாக்கியது. பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ், ராயல் என்ஃபீல்டு ஆகியவை போருக்குப் பின் கொண்டுவந்த இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் அனைத்தும் அதைப் பார்த்துப் பிறந்தவையே. 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் கோவென்ட்ரி நகரத் தொழிற்சாலை அழிந்ததால், நிறுவனம் 1942-இல் நகருக்கு வெளியே மெரிடன் என்ற சிற்றூரில் புதிய ஆலையில் குடியேறியது. அமெரிக்கச் சந்தை இன்னும் பெரிய எஞ்சினைக் கேட்டபோது, 71 மி.மீ. சிலிண்டர் விட்டமும் 82 மி.மீ. பிஸ்டன் வீச்சும் கொண்ட 649 சி.சி. தண்டர்பேர்டு 1949-இல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பாரிசுக்கு அருகிலுள்ள மான்ட்லெரி ஓடுதளத்தில், மூன்று தண்டர்பேர்டுகள் தலைக்கு 500 மைல் தொலைவை மணிக்கு 90 மைலுக்கும் மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓடி முடித்தன. டிஆர்6-க்கும் டி120-க்கும் தாய் அந்த எஞ்சின்தான். 71-க்கு 82 என்ற அளவு இரண்டிலும் கடைசி வரை மாறவில்லை.

இரண்டில் டிராஃபி மூத்தது. 1948-இல் இத்தாலியின் சான் ரேமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் டிரையம்ப் அணி பெற்ற வெற்றியை ஒட்டி, 500 சி.சி. டிஆர்5 டிராஃபி அந்த ஆண்டின் இறுதியில் அறிமுகமானது. சேற்றிலும் கல்லிலும் போட்டி போட்டுவிட்டு அதே வண்டியில் சாலை வழியே வீடு திரும்பலாம் என்பதே அதன் நோக்கம். 1956-ஆம் ஆண்டின் மாடலாக வந்த டிஆர்6, அந்த நோக்கத்தைக் கைவிடாமல் 650 எஞ்சினையும் புதிய அலுமினிய சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து இறுதி வரை டிஆர்6-ஐ வளர்த்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வாடிக்கையாளர்களே.

போனவில் பிறந்ததும் அமெரிக்கர்களின் வற்புறுத்தலால்தான், ஆனால் அவர்களின் வேறொரு ஆசையிலிருந்து. 1956 செப்டம்பரில் யூட்டா மாநிலத்தின் போனவில் உப்புச் சமவெளியில், டெக்சாஸைச் சேர்ந்த ஜானி ஆலன், காற்றை எளிதில் ஊடுருவும் நீண்ட கூட்டுக்குள் தண்டர்பேர்டு எஞ்சினைப் பொருத்திய வாகனத்தில் மணிக்கு 214 மைல் வேகத்தைத் தொட்டார். அந்தச் சாதனையைப் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு ஏற்க மறுத்து நீண்ட வழக்காடலுக்கு இடமானது என்றாலும், அந்த ஊரின் பெயர் டிரையம்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தண்டர்பேர்டைவிடக் கூர்மையாக்கப்பட்ட டைகர் 110 என்ற வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர் பொருத்தும் ஹெட் ஏற்கெனவே தனியாக விற்கப்பட்டு வந்தது. அதையே தொழிற்சாலையிலிருந்து முழு வண்டியாகத் தர வேண்டும் என்று விற்பனையாளர்கள் கேட்டதன் விளைவாக, 1958 இறுதியில், 1959-ஆம் ஆண்டின் மாடலாக டி120 போனவில் வெளிவந்தது. நிறுவனம் சொன்ன திறன் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் 46 குதிரைத்திறன். பெயரிலுள்ள 120 என்ற எண் மைல் வேகத்தைச் சுட்டியது, ஆனால் சாதாரணமாக வாங்கப்பட்ட வண்டி சாலையில் 110 மைலை ஒட்டியே ஓடியது. முதல் ஆண்டு வண்டியில் ஹெட்லைட்டைச் சுற்றிய பெரிய மூடியும் ஆழமான மட்கார்டுகளும் இருந்தன. பந்தயச் சாயலை எதிர்பார்த்தவர்களுக்கு அவை பிடிக்காததால் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டன.

இனி அந்த இரண்டாவது கார்புரேட்டர் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக மேலேறி ஒன்றாகக் கீழிறங்கும். ஆனால் ஒன்றில் கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளும் நேரத்தில் மற்றொன்று புதிய கலவையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்க் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, சம இடைவெளியில், ஏதேனும் ஒரு சிலிண்டர் காற்றை இழுக்கிறது. இரண்டு சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஒரே கார்புரேட்டரை வைத்தால், அதன் தொண்டை வழியே காற்று ஏறக்குறைய இடைவிடாமல் ஓடும். காற்று நிற்காமல் ஓடும் இடத்தில் பெட்ரோல் நன்றாகத் தூளாகிக் கலக்கிறது. குறைந்த வேகத்திலும் கலவை தடுமாறுவதில்லை. ஒற்றைக் கார்புரேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான இரட்டைச் சிலிண்டர் அமைப்பைக் காண்பது அரிது. டர்னர் 1937-இலேயே அதைத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்கும் அடங்கியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் என்று பிரித்துவிட்டால், ஒவ்வொன்றின் வழியாகவும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்று பாய்கிறது, இடையில் நின்றுவிடுகிறது. குறைந்த சுற்றில் இது இழப்பு. ஆனால் எஞ்சின் 5,000 சுற்றைத் தாண்டிய பிறகு நிலைமை தலைகீழாகிறது. அப்போது சிலிண்டரை நிரப்பக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஒற்றைக் கார்புரேட்டரிலிருந்து இரண்டாகப் பிரியும் குழாயின் வளைவுகள் காற்றைத் தடுக்கத் தொடங்குகின்றன. போனவில் ஹெட்டின் இரண்டு நுழைவுத் துளைகள் வெளிநோக்கி விரிந்து, தனித்தனிக் குழாய்களில் தனித்தனிக் கார்புரேட்டர்களைத் தாங்கி நிற்பதால், காற்று நேராக வால்வை அடைகிறது. அந்தக் கடைசி 1,500 சுற்றில் கிடைக்கும் சில குதிரைத்திறனுக்காகவே இரண்டாவது கார்புரேட்டர் பொருத்தப்பட்டது.

எவ்வளவு ஆதாயம் என்றால், நல்ல நிலையிலுள்ள இரண்டு வண்டிகளுக்கும் உச்ச வேகத்தில் ஐந்து மைல் அளவிலான வேறுபாடு இருக்கும். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை எட்டுவதில் வேறுபாட்டை உணர்வதே கடினம். தொடக்க ஆண்டுகளில் டி120-இன் கேம்ஷாஃப்ட்டும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), எரியும் முன் கலவை எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதமும் டிஆர்6-ஐவிட ஒரு படி மேலே வைக்கப்பட்டிருந்தன. ஆனால் 1960கள் முடிவதற்குள் இரண்டும் 9-க்கு 1 என்ற ஒரே அழுத்த விகிதத்துக்கு வந்துவிட்டன, கேம்களும் ஒன்றாகிவிட்டன. அந்த நிலையில் 50 முதல் 70 மைல் வரை, அதாவது நாம் உண்மையில் ஓட்டும் வேகத்தில், டிஆர்6 இன்னும் முழுமையாக இழுக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் தயங்காமல் முன்னேறுவதும், மேட்டில் கியரை மாற்றாமலே ஏறிவிடுவதும் அதன் இயல்பு. பெட்ரோலும் குறைவாகக் குடிக்கிறது.

பராமரிப்பில் வேறுபாடு இன்னும் பெரிது. போனவிலில் ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் ஒற்றைக் கேபிள், ஒரு சிறிய இணைப்பில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கார்புரேட்டர்களிலும் காற்று வழியைத் திறந்து மூடும் சறுக்குக் கட்டைகளைத் தூக்குகிறது. இரண்டும் ஒரே கணத்தில், ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். கேபிள்கள் சமமாகத் தேய்வதில்லை, சமமாக நீள்வதுமில்லை. ஒன்று முந்தினால் இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் நுகத்தை இழுப்பதுபோல் ஒரு சிலிண்டரே சுமையைத் தாங்குகிறது. உடனே ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலைகுலையும், கைப்பிடியில் நடுக்கம் கூடும், நகர நெரிசலில் எஞ்சின் அணையும். இரு நுழைவுக் குழாய்களையும் சமன்குழாயால் இணைத்து நிறுவனமே இதை ஓரளவு தணித்தது. அதற்கு மேல், இந்த வண்டிகளில் வந்த அமால் நிறுவனக் கார்புரேட்டரின் உடலும் அதற்குள் ஏறியிறங்கும் சறுக்குக் கட்டையும் ஒரே வகைத் துத்தநாகக் கலவையால் ஆனவை என்பதால் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். தேய்ந்த இடைவெளியில் காற்று புகுந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ஐட்லிங் நிலைக்காது. போனவிலில் அந்தத் தேய்மானம் இரண்டு இடத்தில், அதுவும் வேறுவேறு அளவில் நடக்கும். பிற்காலத்தில் கடினமாக்கப்பட்ட அலுமினியச் சறுக்குக் கட்டைகள் கிடைக்கத் தொடங்கியது இரண்டு வண்டிகளுக்கும் பெரிய நன்மை. பழைய கார்புரேட்டரைச் சீராக்கப் போராடுவதைவிட அவற்றைப் பொருத்திவிடுவதே நல்லது.

முதல் போனவில்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பெட்ரோலைச் சேர்த்து வைக்கும் கார்புரேட்டர்களின் சொந்த மிதவைக் கிண்ணங்களை வெட்டிவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு தனிக் கிண்ணத்தை நடுவில் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டி வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதில் பெட்ரோல் மட்டம் நிலையாக இராமல், சில வேளைகளில் எஞ்சின் மூச்சுத் திணறியது. 1961-இல் ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் அதனதன் கிண்ணமே திரும்பி வந்தது. இன்று 1959, 1960 வண்டிகள் மிக அதிக விலைக்குப் போகின்றன என்றாலும், ஓட்டுவதற்கென்று அவற்றைத் தேடிப் போக வேண்டாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பந்தயத்தில் போனவில் பெற்ற பெருமையைக் குறைத்துச் சொன்னால் அது அநியாயம். ஆண்டு முழுவதும் சாலையில் ஓடும் வண்டிகளை வைத்தே நடத்தப்படும் பந்தயங்களில், 1960களின் பிரிட்டனில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. 1965-இல் அத்தகைய போட்டிகளுக்கென்றே சில டஜன் த்ரக்ஸ்டன் போனவில்கள் தனிக் கவனத்தோடு உருவாக்கப்பட்டன. 1967-இல் ஐல் ஆஃப் மேன் தீவின் முதல் புரொடக்‌ஷன் டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) போட்டியில் ஜான் ஹார்ட்டில் போனவிலில் வென்றார். 1969-இல் அதே போட்டியில் மால்கம் அப்ஹில், போனவிலில் மணிக்கு 100.37 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்து, விற்பனைக்கு வந்த வகை வண்டி ஒன்று அந்தத் தீவின் மலைச்சாலையில் 100 மைலைத் தாண்டிய முதல் நிகழ்வை நிறுவினார். அவர் வண்டியில் இருந்த டன்லப் கே81 டயருக்கு அதன் பிறகு டிடி100 என்றே பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரில் இன்றும் அது கிடைக்கிறது. உப்புச் சமவெளியிலும் 1962-இல் பில் ஜான்சன் 650 டிரையம்ப் எஞ்சினோடு எட்டிய 224.57 மைல் வேகம் முறைப்படி உலகச் சாதனையாக ஏற்கப்பட்டது. முழு ஆக்சிலரேட்டரில் மணிக்கணக்கில் ஓடும் இடத்தில் அந்தக் கடைசி ஐந்து மைல்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. அங்கே இரண்டாவது கார்புரேட்டர் தன் விலையைத் திருப்பித் தந்தது.

டிஆர்6-இன் களம் கலிபோர்னியப் பாலைவனம். மணலில் மெதுவாகவும் அழுத்தமாகவும் இழுக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கார்புரேட்டரின் குணம் வெளிப்பட்டது. தூசியை வடிகட்ட ஒரே ஒரு காற்று வடிகட்டி போதும், கோளாறு வந்தால் கழற்றிச் சுத்தம் செய்யவும் ஒன்றுதான் இருக்கிறது என்பதும் பாலைவனத்தில் சிறிய நன்மையல்ல. புகைக்குழாய்களை உயர்த்திய டிஆர்6சி போன்ற வடிவங்கள் இதற்காகவே அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அனுப்பப்பட்டன. 1964-இல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் நடந்த ஆறு நாள் போட்டிக்கு முதன்முறையாக முறைப்படி வந்த அமெரிக்க அணியினர் டிரையம்ப் வண்டிகளிலேயே வந்தனர். அந்த அணியில் இருந்த நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டியது டிஆர்6. மூன்றாம் நாள் விபத்தில் அவர் விலக நேர்ந்தது. பிரிட்டனில் காவல்துறைக்கென்று தயாரான செயின்ட் என்ற வண்டியும் டிஆர்6 வகையைச் சேர்ந்ததே. நாள் முழுவதும் ஐட்லிங்கில் நிற்கவும், ஊர்ந்து போகவும், திடீரென்று விரட்டவும் வேண்டிய காவலரின் வண்டிக்கு ஒற்றைக் கார்புரேட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை என் வாதத்துக்கு வலுவான சான்றாகவே கொள்கிறேன்.

மாடலைவிட ஆண்டு முக்கியம் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தவறான ஆண்டின் டிஆர்6-ஐவிடச் சரியான ஆண்டின் போனவில் எவ்வளவோ மேல். 1962 வரையிலான வண்டிகளில் எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனி. அவற்றின் ஹெட்டில் எட்டுப் போல்ட்டுகள் மட்டுமே இருந்ததால், போல்ட் துளைக்கும் வால்வு இருக்கைக்கும் இடையே விரிசல் விழும் வழக்கம் உண்டு. 1963-இல் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன, ஒன்பதாவது போல்ட் சேர்ந்தது, வண்டியின் சட்டமும் (ஃபிரேம்) மாறியது. ஆனால் அந்த ஆண்டோடு வண்டியின் குணம் முற்றிலும் திருந்திவிடவில்லை. பந்தயப் பிரிவில் டக் ஹீல் என்ற பொறியாளர் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆண்டுக்கு ஆண்டு சாலை வண்டிகளுக்குள் வந்துசேர்ந்ததால்தான் வளைவுகளில் நிலைப்பாடு படிப்படியாகச் சீரானது. 1966 வாக்கில் மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது.

1968-இல் மூன்று நல்ல மாற்றங்கள் ஒன்றாக வந்தன. முன் சக்கரத்தில் இரண்டு பிரேக் காலணிகளும் (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த கட்டைகள்) சுழற்சியோடு சேர்ந்து பிடிக்கும் எட்டு அங்குல டிரம் பிரேக் வந்தது. அதற்கு முந்தைய பிரேக்கோடு 100 மைல் ஓடும் வண்டியை நம்பி ஓட்டியவர்களின் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. முன் ஃபோர்க்கின் தணிப்பு மேம்பட்டது. இரண்டு சிலிண்டர்களின் இக்னிஷன் நேரத்தையும் (தீப்பொறி எழும் கணம்) தனித்தனியாகத் திருத்தக்கூடிய புதிய காண்டாக்ட் பிரேக்கர் பொருத்தப்பட்டது. முன்பு ஒரு சிலிண்டரைச் சரிசெய்தால் மற்றொன்று விலகும். இது நின்றதே எஞ்சினின் நடுக்கத்தைக் கணிசமாகக் குறைத்தது. 1969-இல் கேம்ஷாஃப்ட்டுகள் நைட்ரஜன் முறையில் கடினமாக்கப்பட்டன. 1970-இல் எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் முறை மாறியதால் எண்ணெய்க் கசிவு தணிந்தது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் செதுக்கப்பட்ட ஒரு வடிவம் இந்த மூன்று ஆண்டுகளில்தான் நிறைவெய்தியது.

1971-இல் எல்லாம் மாறியது. எண்ணெய்த் தொட்டியையே சட்டத்தின் பெரிய நடுக்குழாய்க்குள் அடக்கிய புதிய வடிவம், தாய்க் குழுமத்தின் அம்பர்ஸ்லேட் ஹால் என்ற ஆய்வு மையத்திலிருந்து தாமதமாக வந்தது. வந்த பிறகும், மெரிடன் தொழிலாளர்கள் எஞ்சினைச் சட்டத்துக்குள் ஏற்ற முடியாமல் திருத்தங்கள் செய்ய வேண்டியிருந்தது. இருக்கை மிக உயரத்தில் இருந்ததால் சராசரி உயரமுள்ளவர்கள்கூட இரு கால்களையும் ஊன்ற முடியவில்லை. பின்னர் உயரம் குறைக்கப்பட்டது, ஐந்து கியர் வசதியும் வந்தது. அந்தச் சட்டம் உறுதியானது, ஓட்டத்தில் நல்லது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை குறைவாக வேண்டும், அழகில் சற்று விட்டுக்கொடுக்கலாம் என்றால் 1972 வண்டி ஒன்றைப் பார்க்கலாம். 1973-இல் எஞ்சின் 750-ஆக வளர்ந்தபோதும் இதே இணை தொடர்ந்தது: இரண்டு கார்புரேட்டரோடு டி140 போனவில், ஒன்றோடு டிஆர்7 டைகர். ஆலையை மூடும் அறிவிப்பு, தொழிலாளர் முற்றுகை, பின்பு கூட்டுறவு என்று பல நிலைகளைக் கடந்து, 1983-இல் மெரிடன் ஓயும் வரை அந்த 750 எஞ்சினின் கதை நீண்டது.

எந்த மாடலை வாங்கினாலும் பொதுவான குறைகள் சில உண்டு. இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறியிறங்குவதால், அதிர்வைப் பொறுத்தவரை இது பெரிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைப் போன்றதுதான். 70 மைலுக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் கையும் காலும் மரத்துப் போகும், நட்டுகள் தளரும். வால்வு இடைவெளியைச் சரிபார்க்கும் மூடிகள் தாமாகக் கழன்று விழுவது பெயர்பெற்ற குறை. சிலிண்டருக்கு முன்னும் பின்னும் நிற்கும், வால்வுகளை இயக்கும் தண்டுகளைக் கொண்ட புஷ்ராடு குழாய்களின் அடியிலிருந்து எண்ணெய் கசிந்தால், அங்குள்ள ரப்பர் வளையங்களின் தடிமனை அளந்து பொருத்தினால் நிறுத்திவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிராங்க் ஷாஃப்டுக்குள் இருக்கும் கசடு பிடிக்கும் குழாய். சுழற்சியால் எண்ணெயிலிருந்து பிரியும் அழுக்கு அதில்தான் சேர்கிறது. முழுவதும் அடைத்துவிட்டால் பிஸ்டன் தண்டுகள் கிராங்க் ஷாஃப்டோடு இணையும் பிக் எண்டு தாங்கிகளுக்கு எண்ணெய் போகாது, எஞ்சின் அழியும். எஞ்சினைப் புதுப்பித்ததாகச் சொல்லும் விற்பனையாளரிடம் அந்தக் குழாயை வெளியே எடுத்துச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். கேள்வியே புரியாதவர் செய்த புதுப்பித்தலைப் புதுப்பித்தலாகக் கணக்கிட வேண்டாம்.

ஸ்பேனர்கள் குறித்தும் ஒரு சொல். 1960களின் இறுதியில் நிறுவனம் பழைய பிரிட்டிஷ் மரைகளிலிருந்து அமெரிக்க மரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஆகவே 1969-ஐ ஒட்டிய வண்டிகளில் இரண்டும் கலந்திருக்கும், இரு வகை ஸ்பேனர்களும் தேவைப்படும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து நட்டுகளின் முனையை மழுங்கடித்த வண்டியைப் பார்த்தவுடனே அதன் முன்னாள் உரிமையாளரை எடைபோட்டுவிடலாம்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் எஞ்சின் எண். போனவிலின் விலை அதிகம் என்பதாலும், டிஆர்6-இல் ஒரு போனவில் ஹெட்டைப் பொருத்துவது எளிது என்பதாலும், போலி போனவில்கள் எப்போதும் சந்தையில் உண்டு. எஞ்சினின் இடப்பக்கம், சிலிண்டருக்குக் கீழே உள்ள மேடையில் மாடல் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதே எண் சட்டத்தின் கழுத்தருகிலும் இருக்க வேண்டும். 1963 முதல் 1969 வரையிலான எண்கள் டி, யூ என்ற இரு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். அதன்பின் முதல் எழுத்து தயாரான மாதத்தையும், அடுத்த எழுத்து மாடல் ஆண்டையும் குறிக்கும். 1960களின் இறுதியிலிருந்து அந்த மேடையில் நிறுவனத்தின் சிறிய முத்திரைகள் வரிசையாகப் புடைத்து நிற்கும். எண்ணைத் தேய்த்து மாற்றியவர்களால் அந்தப் புடைப்பைத் திரும்ப உருவாக்க முடியாது. மேடை மழமழவென்று இருந்தால் விலகிவிடுங்கள். டிஆர்6 வாங்குபவருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு, ஏனெனில் யாரும் போனவிலை டிஆர்6 என்று சொல்லி விற்பதில்லை.

அப்படியானால் போனவிலை யார் வாங்க வேண்டும்? அப்ஹில் ஓட்டிய வண்டியின் உடன்பிறப்பு தன்னிடம் இருக்க வேண்டும் என்று விரும்புபவர், கார்புரேட்டர்களைச் சமன் செய்வதை ஒரு கைத்திறனாகக் கற்று மகிழ்பவர், திறந்த சாலையில் எஞ்சினை உச்சச் சுற்று வரை விரட்டும்போது எழும் அந்த இரண்டாவது வேக எழுச்சியை ஒரு முறை உணர்ந்து அதை மறக்க முடியாதவர் ஆகியோர் தயங்காமல் வாங்கலாம். நன்றாகச் சமன் செய்யப்பட்ட போனவில் தொல்லை தரும் வண்டியல்ல. கவனிக்காமல் விட்டால் முதலில் மனம் கெடுவது அதுதான், அவ்வளவே. பின்னாளில் விற்கும்போது விலை நிற்க வேண்டும் என்று நினைப்பவருக்கும் போனவிலே பாதுகாப்பானது.

கையிலுள்ள போனவிலையே ஒற்றைக் கார்புரேட்டருக்கு மாற்றலாமா என்றால், அதற்கான இரட்டைக் கிளைக் குழாய்கள் கிடைக்கின்றன, வேலையும் செய்கின்றன. ஆனால் விரிந்து நிற்கும் துளைகளை நடுவிலுள்ள ஒரு கார்புரேட்டரோடு இணைக்கும் அந்தக் குழாயில் வளைவு அதிகம் என்பதால், டிஆர்6 ஹெட்டின் நேர்த்தி முழுமையாகக் கிடைக்காது. டிஆர்6-ஐ இரட்டைக் கார்புரேட்டருக்கு மாற்ற ஹெட்டையே மாற்ற வேண்டும். அந்தச் செலவில் நல்ல டயர்களும், பிரேக் காலணிகளும், மின்னணு இக்னிஷனும் வாங்கிவிடலாம், அவற்றால் கிடைக்கும் பயன் ஐந்து மைல் வேகத்தைவிடப் பெரியது. எப்படி மாற்றினாலும், வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெட்டையும் கார்புரேட்டரையும் எறிந்துவிடாமல் எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள். மாற்றியமைத்த வண்டியை வாங்குவதானால், பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிய பிறகே விலையைப் பேசி முடியுங்கள்.